வலிக்காத இடம்

போன ஆடி மாதம், மதியம். அயனாவரம் வீட்டில் அம்மா சாதம் வடிக்கும்போது தட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி வலது முன்கையில் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். கஞ்சி தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா பேஸ்ட்டோடு ஓடி வந்தார். அம்மா இட்லி மாவு கேட்டார். இரண்டும் வேண்டாம் என்று குழாயைத் திறந்தால், மாடித் தொட்டித் தண்ணீர் சுடுகிறது! குடத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மொண்டு மொண்டு 20 நிமிடம் ஊற்றினேன். வீங்குவதற்குள் வளையல்களையும் கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் கையைச் சரியாகப் பார்த்தேன். முழங்கைப் பக்கம் வெறும் சிவப்பு. நடுவில் கொப்புளங்கள்; ஒன்று உடைந்து உள்ளே ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. காற்று பட்டாலே அம்மா துடித்தார். வளையல் இருந்த மணிக்கட்டு மட்டும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. "இங்க வலியே இல்லடா" என்றார். அப்பாடா, அந்த இடமாவது தப்பித்தது என்று நினைத்தேன்.

ஆட்டோ பிடித்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் போனோம். டாக்டர் உடைந்த கொப்புளத்தின் ஓரத்தை மெல்ல அழுத்தி விரலை எடுத்தார். வெளுத்த தோலில் உடனே ரத்தம் ஊறிச் சிவந்தது. மணிக்கட்டை அழுத்தினார். நிறம் மாறவே இல்லை. "வலி தெரியலைன்னா நரம்பும் வெந்துபோச்சுன்னு அர்த்தம். இதுதாங்க ஆழமான காயம்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பரப்பை அம்மாவின் உள்ளங்கையை வைத்தே கணக்கிட்டார். விரல்களோடு சேர்த்து அவரவர் உள்ளங்கை, உடம்பில் சுமார் 1 சதவீதம். அம்மாவுக்கு 2 சதவீதம்தான். ஆனால் ஆழமாகவும் மூட்டின் மேலும் இருந்ததால், சின்னக் காயம் என்று விட முடியாது என்றார். டிடி ஊசி போட்டு, கட்டுக் கட்டி, மூன்றாம் நாள் வரச் சொன்னார். ஆழம் முதல் நாளே முழுசாகத் தெரியாதாம், இரண்டு மூன்று நாளில் கூடவும் செய்யுமாம்.

சிவப்பு ஒரு வாரத்தில் போனது. கொப்புளம் இருந்த இடம் இரண்டு வாரத்தில் ஆறியது. மணிக்கட்டுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தோல் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, அம்மா இன்னமும் தினமும் அந்தக் கையை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார்.