பெரம்பூர் வார இறுதி வகுப்பு: சில நாட்குறிப்புகள்

ஆகஸ்ட் 2, சனி

அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் புதிய பேட்ச் இன்று தொடங்கியது. எனக்குக் கணக்கு. பலகையில் தலைப்பை எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், இதுல எத்தனை கேள்வி வரும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அது நியாயமான கேள்வி. வேலைக்கும் போய்க்கொண்டு படிக்க வருகிறவர் தன் நேரத்துக்குக் கணக்குக் கேட்கிறார், நேராகப் பதில் சொல்வதுதான் மரியாதை. எழுதிப்போட்டேன்: மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, நம்முடைய கணக்கும் மனத்திறனும் 25. மூன்று மணி நேரத்தை வகுத்தால் கேள்விக்கு 54 விநாடி. தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் தமிழில் தடுமாறுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள் என்றும் சொன்னேன். கணக்கு சாரே இப்படிச் சொல்கிறாரே என்று சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

யார் எங்கிருந்து வருகிறார்கள், வகுப்பு முடிந்து எங்கே போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கினேன். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் வருபவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகாமல் வருபவர், மதியம் டெலிவரிக்குக் கிளம்ப வேண்டியவர். கூடுதலாகப் பத்து நிமிடம் நடத்துவதை நாம் அக்கறை என்று நினைக்கிறோம். அவர்களுக்கு அது தவறிப்போகும் ரயில். இனி மணி ஒன்று அடித்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 9, சனி

வேலையும் நேரமும். ஒருவர் 10 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 15 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால்?

"பன்னிரண்டரை சார்!" உடனே வந்தது. சரி, தப்பு எதுவும் சொல்லாமல் 12½ என்று பலகையில் எழுதிவிட்டு நின்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அம்பத்தூர் தம்பி மெதுவாக, "முதல் ஆளு தனியாவே பத்து நாள்ல முடிச்சிடறாரே சார். கூட ஒரு ஆள் சேர்ந்தா நாள் எப்படிக் கூடும்?" என்றார். முதலில் பதில் சொன்ன பெண்ணே, "அப்போ பத்துக்குக் கீழதான் வரணும்" என்று திருத்திக்கொண்டார். அதற்குப் பிறகு 10, 15-இன் மீச்சிறு பொது மடங்கு 30. வேலையை 30 பங்காக வைத்தால் ஒருவர் நாளுக்கு 3, மற்றவர் 2, சேர்ந்து 5, ஆக 6 நாள் என்று போய்ச் சேர நேரமே ஆகவில்லை.

அந்த மௌனத்தைப் பொறுப்பதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970-களில் எழுதியிருக்கிறார்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன. தேர்வு அறையில் 54 விநாடிதான் என்பதால் வகுப்பிலும் அவசரப்படுத்துவது எனக்கு ஒப்பவில்லை. நிதானமாக யோசித்துப் பழகிய பிறகுதான் வேகம் வரும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தனிவட்டி, கூட்டுவட்டி. 10,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். கொளத்தூரிலிருந்து வரும் அம்மா, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர், இதுவரை வாய் திறக்காதவர், பேனாவை எடுக்காமலே சொன்னார்: "மாசம் 200, வருஷம் 2,400. 24 சதவீதம் சார்." அடகுக்கடைப் படி ஏறி இறங்கிக் கற்ற கணக்கு அது.

"நீங்களே வந்து எழுதுங்கம்மா" என்று சாக்பீஸைக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் என்ன? கொஞ்சம் யோசித்தார். "முதல் வருஷ வட்டிக்கு வட்டி, அவ்வளவுதானே?" 2,400-க்கு 24 சதவீதம், 576 ரூபாய். சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் பலர், ஆனால் அது ஏன் அப்படி என்று அவர்தான் சொன்னார். வகுப்பு முடிந்ததும் நான்கைந்து பேர், "அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

"நோட்ஸ் ஜெராக்ஸ் குடுத்துடுங்க சார், படிச்சுக்கறோம்." கொடுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வகுப்பும் நோட்டை மூடிவைத்துப் போன வாரக் கேள்விகளோடுதான் தொடங்கும் என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. காரணத்தைச் சொன்னேன்: 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னே. தேர்வு பல மாதம் கழித்து வருகிறது, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். வளர்ந்தவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடுகிறது.

விடைத்தாள் மாதிரியும் கொடுத்தேன். கருப்புப் பேனா, கேள்விக்கு ஐந்து வட்டம். விடை தெரியாவிட்டால் ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திருவள்ளூர்க் குழு ரயிலிலேயே ஐந்து கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. ஒன்று விடுபட்ட எண் கணக்கு, எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த வாரத் திட்டத்தில் சதவீதம் இருந்தது. மீச்சிறு பொது மடங்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, அதை எடுங்கள் என்று அவர்களே கேட்டார்கள். மாற்றி எழுதிவிட்டேன்.