சார் கேட்டுவிட்டுப் போன கேள்வி

நம் பள்ளியின் பிசிக்ஸ் சார் காலமாகிவிட்டார் என்று முன்னாள் மாணவர் சங்கக் குழுவில் செய்தி வந்ததிலிருந்து வேறு எதுவும் எழுத ஓடவில்லை. சங்க மலருக்குப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதக் கேட்டிருந்தார்கள். கச்சான் காற்றில் வகுப்புக்குள் வந்து விழும் மணல், வெள்ளிக்கிழமையின் நீண்ட இடைவேளை எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதானே, நான் சாரைப் பற்றியே எழுதுகிறேன்.

அப்போது கீழக்கரையில் சபர் (வெளிநாட்டுப் பயணம்) போய்த் திரும்பும் வாப்பாமார் டிஜிட்டல் வாட்ச் இல்லாமல் வரமாட்டார்கள். வார் அறுந்த ஒன்றை யாரோ சாரிடம் கொடுத்தான். அவர் கூட்டைப் பிரித்து, உள்ளிருந்த திரைமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை பிளேடால் நுனி கிளப்பி உரித்தார். வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது, எண்களை மட்டும் காணோம். தாளை மறுபடி மேலே பிடித்தார், எண்கள் வந்தன. கால் சுற்றுத் திருப்பினார், கறுப்பு எண்கள் வெளுத்து, பின்னணி கறுத்தது.

உள்ளே இருப்பது திரவப் படிகம், தண்ணீராட்டம் ஓடும், ஆனால் குச்சி குச்சியான மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசை பார்த்து நிற்கும், பாம்பனில் போகிற சாளைக் கூட்டம் மாதிரி என்று சொல்லிவிட்டு, "சரி, கூட்டத்துக்கு நடுவுல ஒரு உருண்டைக் கல்லு கிடந்தா?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமலே போனார்.

அந்தக் கேள்விதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. கல்லுக்குப் பதில் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள கண்ணாடி உருண்டை. அதன் மேற்பரப்பில் மூலக்கூறுகள் செங்குத்தாக நிற்கும்படி பூச்சுப் பூசி உள்ளே விடுகிறோம். உருண்டையை ஒட்டி எல்லாம் வெளிப்பக்கம் பார்க்க, தூரத்தில் எல்லாம் ஒரே திசை பார்க்க, இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லை. அதனால் பக்கத்திலேயே எந்தத் திசையும் இல்லாத ஒரு புள்ளி பிறக்கும், அல்லது உருண்டையின் இடுப்பைச் சுற்றி ஒரு வளையம். அந்தப் பிசகை நகர்த்தலாம், நெளிக்கலாம், உருண்டை இருக்கும்வரை அழிக்க முடியாது, டோப்பாலஜி, அதாவது எவ்வளவு நெளித்தாலும் மாறாத பண்புகளைப் பற்றிய கணிதம், அதன் விதி அப்படி. ஆனால் பக்கத்து உருண்டையை இழுத்துச் சங்கிலியாகக் கோப்பதும் அந்தப் பிசகுதான்.

இந்த உருண்டைகளை லேசரால் பிடித்து நகர்த்தலாம். அப்படிப் பிடிக்கும் ஒளி இடுக்கிக்காக இயற்பியலாளர் ஆஷ்கினுக்கு 2018-இல் நோபல் கிடைத்தது. தண்ணீரில் அது பிடிக்க, உருண்டையின் ஒளிவிலகல் எண் தண்ணீரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். திரவப் படிகத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. லேசர் மூலக்கூறுகளையே திருப்பிவிடும், உருண்டை அந்தத் திருப்பத்தோடு வரும். வெளிச்சத்தைக் கூட்டினால் அந்த இடம் சூடேறி, மூலக்கூறுகளின் வரிசை கலைந்துபோகும். ஆறும்போது பிசகுக் கோடுகள் இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பின்னிக்கொள்ளும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சார் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இது வெளிநாட்டுச் சங்கதி இல்லை என்றும் அவர்தான் சொன்னார். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-இல் காட்டியது பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் கூட இருந்தவர்களும். "ராத்திரி பஸ் ஏறினா காலைல பெங்களூர்டா" என்பார். நான் விமானம் ஏறினேன். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த பஸ்ஸை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சங்கம் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு ஏதாவது செய்வதென்றால், ஒரு போலரைசிங் மைக்ராஸ்கோப், அதாவது சார் உரித்த தாள் மாதிரியான ஒளி வடிகட்டிகள் வைத்த நுண்ணோக்கி, வாங்கிக் கொடுப்போம். என் பங்கு நிச்சயம். திரவப் படிகமும் கண்ணாடி உருண்டைகளும் நானே கொண்டுவந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து காட்டித் தருகிறேன்.