ஸ்ட்ராபெர்ரி பாலிஹவுஸில் சிர்பிட் ஈ: இதுவரை நடந்தது

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் ஷீட் போட்ட பசுமைக்குடில்), ஸ்ட்ராபெர்ரிக்கு மகரந்தச் சேர்க்கை செய்ய, பூவில் தேனும் மகரந்தமும் உண்ணும் சிர்பிட் ஈக்களை (hoverfly) வளர்த்து விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பூப்பில் பழம் உருப்படியாக வந்திருப்பதால் விவரமாக எழுதிவைக்கிறேன்.

தேனீ இருக்கும்போது ஈ எதற்கு என்று பலரும் கேட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பெட்டித் தேனீ வைத்திருக்கிறார். "தம்பி, மூடாப்பு போட்டா என் பெட்டியில ஒண்ணும் வெளிய தலை காட்டாது" என்பார். இங்கே பனி இறங்கினால் நாள்கணக்கில் கலையாது. பூவோ சில நாளில் உதிர்ந்துவிடும். குடிலுக்குள் விட்ட தேனீக்களும் வெளியே போக வழி தேடி ஷீட்டின் மேல்மூலையில் முட்டிக்கொண்டே கிடந்தன. சிர்பிட் ஈக்குத் திரும்பிப் போகக் கூடு கிடையாது, கொட்டவும் கொட்டாது. தேனீ அடங்கிக் கிடக்கும் குளிரிலும் பூவுக்கு வரும்.

இதில் இரண்டு வகை பார்க்கலாம். எபிசிர்பஸ் போன்றவற்றின் புழு, செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று வளரும். இங்கிலாந்தில் 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வலைக்கூண்டுக்குள் அந்த வகை ஈக்களை விட்ட ஸ்ட்ராபெர்ரிச் செடிகளில் விளைச்சல் 70 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. ஆனால் அதை வளர்க்க முதலில் அசுவினியை வளர்க்க வேண்டும். எனக்கு அது சரிப்படாது. இன்னொன்று எரிஸ்டாலிஸ் வகை. பார்க்கத் தேனீ மாதிரியே இருக்கும், புழு அழுகல் நீரில் வளரும். ஸ்பெயினின் அல்மெரியாவில் இந்த வகையைச் சேர்ந்த ஈக்களைப் பசுமைக்குடில்களுக்காகவே வளர்த்து விற்கிறார்கள். நான் எடுத்தது இதைத்தான்.

பழைய வாளி ஒன்றில் கேரட் கழிவும் கோஸ் இலையும் போட்டு, தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்தேன். சாணம் சேர்த்தால் சீக்கிரம் வரும் என்றார்கள். உண்கிற பழம் இருக்கும் இடம், அதனால் காய்கறிக் கழிவோடு நிறுத்திக்கொண்டேன். நாற்றம் கிளம்பியதும் பெண் ஈக்கள் தானாகவே வந்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வெள்ளை வெள்ளையாக முட்டையிட்டன. புழு தெரிந்த பிறகு கொசுவலை கட்டிவிட்டேன், இல்லாவிட்டால் கொசுப் பண்ணையாகிவிடும்.

இந்தப் புழுவை ஒருமுறை கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். உடம்பு சேற்றுக்குள், வால் மட்டும் மேலே. அந்த வால்தான் மூச்சுக்குழாய். தண்ணீர் ஊற்ற ஊற்ற, மடித்து வைத்த ஏரியல் கம்பி போல நீண்டுகொண்டே போகிறது. முற்றியதும் ஈரத்தை விட்டு ஏறி, வாளியைச் சுற்றிக் கொட்டியிருந்த காய்ந்த மரத்தூளுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிறது. பழுப்பு ஓட்டின் முன்பக்கம் இரண்டு சின்னக் கொம்பு முளைக்கும், பின்னால் வால் காய்ந்து ஒட்டியிருக்கும். அவற்றைப் பொறுக்கி, ஒரு தட்டில் வைத்து, குடிலுக்குள் செடிகளுக்கு நடுவே வைத்துவிட்டேன்.

வளர்ப்பது சுலபம். உள்ளே தங்கவைப்பதில்தான் முழுக் கவனமும் போகிறது. தேனீ தன் கூட்டுக்கும் சேர்த்துச் சுமக்கிறது, அதனால் பூப்பூவாக ஓடுகிறது. ஈ தன் வயிற்றுக்கு மட்டும் உண்ணும், வயிறு நிறைந்தால் இலைமேல் உட்கார்ந்துவிடும். ஆகவே எண்ணிக்கை அதிகம் வேண்டும், ஸ்ட்ராபெர்ரிப் பூ குறையும் நாட்களில் வேறு தீனியும் வேண்டும். வரப்போரம் கொத்தமல்லியையும் சோம்பையும் பூக்க விட்ட பிறகுதான் ஈக்கள் கூரைப்பக்கம் போவது குறைந்தது. மஞ்சள் ஒட்டுப்பொறிகளைப் பூப்பு முடியும்வரை கழற்றிவிட்டேன். மஞ்சளைக் கண்டால் இந்த ஈக்கள் நேரே அங்கேதான் போகும். மருந்தும் அடிக்கவில்லை.

பலன் பழத்தில் தெரிகிறது. ஸ்ட்ராபெர்ரியின் மேலிருக்கும் ஒவ்வொரு விதையும் கருவுற்றால்தான், அதிலிருந்து வரும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அடியிலுள்ள சதையை உப்பவைக்கும். கோணல் பழம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: சூம்பிய இடத்தில் விதைகள் சிறுத்து நெருக்கமாக நிற்கும். முன்பு பனிக்காலப் பூவில் இப்படிப்பட்டதே அதிகம். இம்முறை நுனிவரை நிரம்பிய பழம் தெளிவாகக் கூடியிருக்கிறது. காலை வெயில் எட்டிப் பார்த்ததும் ஈ பூவின் நடுமேட்டில் நின்று சுற்றிச் சுற்றித் துழாவும்போது, நெஞ்சு முடியெல்லாம் மஞ்சள் தூள் ஒட்டியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். அதைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இந்த வருடம் வெயில் நாட்களும் கொஞ்சம் அதிகம், எல்லாப் பெருமையும் ஈயுடையதா என்று சொல்ல முடியாது. அடுத்த பூப்பில் ஒரு பாத்தியை முழுக்க வலை போட்டு மூடி, ஈ நுழையாமல் வைத்து, இரண்டு பாத்திப் பழத்தையும் தனித்தனியாக எடை போடப் போகிறேன். வாளியில் அடுத்த தொகுதிப் புழு இப்போதே வளர்ந்துகொண்டிருக்கிறது.