8 அடி பிளைவுட்டில் 11 அடிப் படகு: பக்கப்பலகை ஒட்டியாச்சு

பலகை முனைகளைச் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டும் ஸ்கார்ஃப் ஒட்டு உறுதியாக நின்றுவிட்டது. பக்கப்பலகைகளோடு சேர்த்தே ஒட்டி வைத்திருந்த ஒரு துண்டுப் பட்டையை முழங்காலில் வைத்து ஒடித்துப் பார்த்தேன். ஒட்டிய இடம் அசையவே இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி மரம்தான் பிளந்தது. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

என்னிடம் இருப்பது கார் நிறுத்தும் இடம் மட்டும், 13 அடிக்கு 8 அடி. 8 அடிப் படகாகச் செய்தால் ஒட்டே வேண்டாமே என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஆனால் இரண்டு பேர் ஏறியபின் துடுப்பு வலிக்கக் கை நீட்ட இடம் வேண்டும். 1960களில் இங்கிலாந்தில், வீட்டிலேயே கட்டிக்கொள்ளட்டும் என்று ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்த மிரர் படகும் 10 அடி 10 அங்குலம்தான். சரிவு இழைக்காமல், பலகைகளை முட்டவைத்துப் பின்னால் ஒரு பட்டை வைத்து ஒட்டுவது சுலபம், ஆனால் அந்த இடத்தில் பலகை வளையாது; பக்கவாட்டு வளைவு அங்கே மட்டும் தட்டையாக நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

6 மி.மீ. பலகை, 1:8 சரிவு, அதாவது கனத்தைப் போல எட்டு மடங்கு நீளம், 48 மி.மீ. நான்கு பலகை முனைகளையும் 48 மி.மீ. பின்தள்ளிப் படிக்கட்டு மாதிரி அடுக்கி, ஒரே சரிவாக இழைத்தேன். உப்புத்தாள் ஓட்டும் சாண்டர் மெஷின் பக்கமே போகவில்லை. அது சரிவின் நடுவைப் பள்ளமாக்கிவிடும். இழைப்புளிதான். பிளைவுட்டின் பசைக்கோடுகளே மட்டப்பலகை வேலையைச் செய்கின்றன: கோடுகள் நேராக, இணையாக ஓடினால் சரிவு சரி, எங்காவது நெளிந்தால் அங்கே மேடு பள்ளம் இருக்கிறது. கோட்டைப் பார்த்துப் பார்த்து இழைக்க வேண்டும்.

தொந்தரவெல்லாம் அலகில்தான். அந்தப் பசை கூர்மையைத் தின்றுவிடுகிறது. நாலு இழுப்பு நன்றாகச் சுருள் வரும், அப்புறம் தூளாக உதிரும். உதிர்ந்த உடனே சாணைக்கல்லுக்குப் போய்விட வேண்டும். மொண்ணை அலகை அழுத்தித் தள்ளினால் காகிதக் கனத்தில் இருக்கும் முனை கிழிந்து போகும். கடைசிப் பலகைக்கு அடியில் ஒரு தடித்த கட்டையின் விளிம்பை முனையோடு மட்டமாக வைத்தால் அந்த மெல்லிய நுனி துடிக்காது. இழைப்புளியைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளுவதும் உதவுகிறது.

ஒட்டுவதற்கு எபாக்ஸிப் பசை: எல்ஒய் 556 ரெசினும் அதை இறுகவைக்கும் எச்ஒய் 951 ஹார்டனரும், எடையில் 100க்கு 10. சென்னை வெயிலில் கப்பில் மொத்தமாக வைத்தால் கலவை சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். விடியற்காலையில், அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு செய்தேன். முதலில் மரத்தூள் சேர்க்காத வெறும் கலவையைத் தடவி மரம் குடிக்கவிட்டு, அப்புறம்தான் மரத்தூள் கலந்த கெட்டிக் கலவை. இரண்டு ஜோடியையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே பிளாஸ்டிக் தாள் போட்டு, ஒரே இடத்தில் ஒட்டியதால் இடமும் மிச்சம், கிளாம்ப்பும் மிச்சம். ரொம்ப இறுக்கக்கூடாது, பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும்.

பிளைவுட்டைப் பற்றி ஒரு புலம்பல். ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையோடு ஒரு கடையில் வாங்கிய பலகையை அறுத்தால் நடு அடுக்கில் விரல் நுழையும் இடைவெளி. 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்க வேண்டிய தரம் அது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். இப்போது வேறு கடையில், நான்கு ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறேன்.

அடுத்து, பலகை ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டும். அதற்கான செம்புக் கம்பி, மோட்டார் காயில் சுற்றும் கடையில் எடைக்குக் கிடைத்தது. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்த மசூலாப் படகுகள் ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்தவை. அதே கடற்கரை ஊரில் நானும் படகு தைக்கப் போகிறேன் என்பதில் தனிச் சந்தோஷம். துடுப்புக்கு சில்வர் ஓக் விசாரித்து வைத்திருக்கிறேன், முடிச்சில்லாத 7 அடி நீளம் வேண்டும். பாய் கட்டலாமா என்ற யோசனையும் ஓடுகிறது.

அதற்கு முன் அடிப்பலகை ஒட்டு பாக்கி. 3 அடி அகலத்தில் கிளாம்ப் நடுவுக்கு எட்டாது. கனமான சட்டத்தைக் குறுக்கே போட்டு, மேலே மணல் மூட்டைகளை ஏற்றி அழுத்தலாம் என்றிருக்கிறேன். அலகைத் தீட்டி வைத்தாயிற்று.