அச்சுப் பட்டறை ரெசிடென்சி: விண்ணப்பத்திலிருந்து வேலை முடியும் வரை

மரத்தில் செதுக்கி அச்செடுப்பது என் தொழில். ஐரோப்பாவில் ஓர் அச்சுப் பட்டறையில் தங்கி, வேறு நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்யும் ரெசிடென்சி வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. போய், வேலையை முடித்துத் திரும்பியிருக்கிறேன். இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் தேடல். ரெஸ் ஆர்ட்டிஸ், 1993இல் தொடங்கிய உலகளாவிய ரெசிடென்சி கூட்டமைப்பு. நெதர்லாந்திலிருந்து இயங்கும் ட்ரான்ஸ்ஆர்ட்டிஸ்ட்ஸ் பட்டியலில் நாடுவாரியாக, துறைவாரியாகத் தேடலாம். ஆன் தி மூவ் என்ற வலையமைப்பு, பயணச் செலவுக்கு யார் நிதி தருகிறார்கள் என்பதையும் திரட்டித் தருகிறது. நாடகம், நடனக்காரர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

எந்த விண்ணப்ப அழைப்பைத் திறந்தாலும் நான் முதலில் படித்தது பணம் பற்றிய பத்தியைத்தான். ரெசிடென்சி என்ற ஒரே பெயரில் பல வகை உண்டு. சில இடங்களில் தங்குமிடம், பயணம், உதவித்தொகை, பொருட்செலவு எல்லாம் அவர்களே தருவார்கள். சில இடங்களில் வேலை செய்ய ஓர் அறை மட்டும் கிடைக்கும். இன்னும் சில இடங்களில் கலைஞர்தான் வாரவாடகை கட்ட வேண்டும். கட்டணம் கேட்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, நல்ல பட்டறைகளும் அப்படி நடக்கின்றன. ஆனால் பணம் கட்டிப் போகக் கூடியவர்கள் மட்டும் வரும் இடத்தைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவற்றை ஒதுக்கிவிட்டேன். பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கியது.

அடுத்து ப்ரொப்போசல். அதிக நேரம் பிடித்தது இதுதான். பல அழைப்புகளில் ‘பன்முகப் பின்னணி கொண்ட கலைஞர்களை வரவேற்கிறோம்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் நம் பின்னணியையே பக்கம் பக்கமாக எழுதத் தோன்றும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதினேன். நான் எண்ணெய் மையில், பிரெஸ்ஸில் அச்செடுப்பவன். ஜப்பானிய முறையில் நீரில் கரைத்த வண்ணம், தாளின் பின்புறத்தைக் கையால் தேய்க்கும் பாரென் என்ற வட்டத் தட்டு. இந்த இரண்டையும் ஒரே தாளில் அடுக்கினால் வண்ணம் எப்படி உட்காரும், தாள் தாங்குமா? இதற்கு அந்த முறையில் பயின்ற ஒருவர் பக்கத்தில் வேண்டும், அவர்களுடைய பட்டறை வேண்டும் என்று எழுதினேன். உங்கள் ஊரிலேயே செய்ய முடியாதா என்று தேர்வுக்குழு கேட்டால் பதில் ப்ரொப்போசலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

போர்ட்ஃபோலியோவில் ஒரே கேள்வியைத் துரத்தும் படங்களை மட்டும் வைத்தேன். முதல் மூன்று படங்களிலேயே வேலை புரிந்துவிட வேண்டும். குழு நூற்றுக்கணக்கான படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் அளவு, தாள், மை, ஆண்டு. அவ்வளவு போதும்.

வீடியோ நேர்காணலும் வந்தது. சரி, பேசி முடித்தாயிற்று என்று நினைத்த நேரத்தில் ஒருவர், தொடக்க விழாவில் உங்கள் மரபு உடையில் ஒரு செய்முறை விளக்கம் செய்து காட்டுவீர்களா என்று கேட்டார். செய்முறை விளக்கம் தருகிறேன், என் வேலை உடையில் தருகிறேன், மற்ற கலைஞர்களும் அதேபோல் தர வேண்டும், எல்லாருக்கும் ஒரே சம்பளம் இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒத்துக்கொண்டார்கள். என்னைப் பார்வைப்பொருளாக அழைக்கிறார்களா, வேலை செய்ய அழைக்கிறார்களா என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது. இதை வாய்ப்புக் கிடைத்த பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் பேச நமக்குப் பிடிமானம் இருக்காது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொன்னேன். அச்சுகளின் பதிப்புரிமை கலைஞருடையது. பட்டறைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டிய பிரதிகள் எத்தனை என்பது எண்ணில் எழுதப்பட வேண்டும். இரண்டையும் மறுக்கவில்லை.

விசா தனிக்கதை. ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் குறுகியகால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். என் காலம் அதற்குள் அடங்கியது. அதற்கு மேல் என்றால் அந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. இதெல்லாம் எழுதியே இருக்கிறது. உண்மையில் சிக்குவது அழைப்புக் கடிதத்தில். எனக்கு முதலில் வந்த கடிதம் ‘உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி’ என்று இரண்டு வரியில் முடிந்தது. தங்குமிடம் எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பயணச்சீட்டு யார் செலவு, உதவித்தொகை எவ்வளவு, அது சம்பளமா மானியமா, எல்லாம் கடிதத்தில் வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். கடைசிக் கேள்வி முக்கியம். குறுகியகால விசாவில் சம்பளம் வாங்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை அழைப்பவர்கள் விசாரித்து எழுத்தில் தர வேண்டும்.

பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மைத்தன்மை பற்றிய யுனெஸ்கோவின் 2005ஆம் ஆண்டு உடன்படிக்கை, 16ஆம் பிரிவில், வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கு வளர்ந்த நாடுகள் முன்னுரிமைச் சலுகை தர வேண்டும் என்கிறது. வங்கி இருப்பைக் காட்ட அங்கும் இங்கும் அலையும் கலைஞருக்கு அந்தச் சலுகை எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. மாத வருமானச் சான்று இல்லாதவர்கள்தான் கலைஞர்களில் பெரும்பாலானவர்கள்.

உளிகளை விமானத்தின் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கைப்பையில் அனுமதி இல்லை. மரப்பலகைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் பூச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் வரலாம் என்பதால், ப்ளைவுட்டை அங்கேயே வாங்கித்தரச் சொல்லிவிட்டேன்.

பட்டறையில் எனக்குக் கிடைத்த துணை, ஜப்பானிய முறையில் பயின்ற ஒரு பெண் கலைஞர். எங்களுக்குள் பொதுமொழி மிகக் குறைவு. அவர் முதலில் கரைத்தது ப்ரஷ்யன் நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான வண்ணம் அது. கடல்வணிகத்தில் ஜப்பான் போய், 1831 வாக்கில் ஜப்பானியக் கலைஞர் ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலை அச்சில் ஏறியது. என் துணைக் கலைஞர் அதைத் தன் நீலம் என்று சொன்னார், அதில் தவறே இல்லை.

வேலையில் பெரிய சிக்கல் ஈரம். நீர்வண்ணத்துக்குத் தாள் ஈரமாக இருக்க வேண்டும். ஈரத்தில் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். காய்ந்த பிறகு என் எண்ணெய் மைப் பலகையை வைத்தால் கோடு விலகியது. அவர் பலகையின் மூலையிலேயே கென்டோ என்ற அடையாளப் பள்ளம் வெட்டியிருந்தார். தாளின் மூலையைக் கட்டைவிரலால் அதில் தள்ளிப் பொருத்தி, மறுகையைச் சட்டென்று விட்டுவிடுவார். நான் அதே பள்ளத்தை என் பலகையிலும் வெட்டினேன். தாள்களை ஈரக் காகிதங்களுக்கு நடுவே அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்து, ஈரம் போவதற்குள் எண்ணெய் அடுக்கையும் அச்சிட்டோம். நீர்வண்ணம் முதலில், எண்ணெய் மேலே. மாற்றிப் போட்டால் எண்ணெய் நீரைத் தள்ளிவிடும். என் மையைக் கொஞ்சம் மெலிதாக உருட்டச் சொன்னது அவர். மரத்தின் ரேகை நீலத்தில் தெரிந்தது அதனால்தான்.

அச்சுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம், இருவர் கையெழுத்தும் எல்லாவற்றிலும் உண்டு. பட்டறைக்கு ஒப்பந்தப்படி கொடுத்தாயிற்று. அறிக்கையும் அனுப்பிவிட்டேன். அடுத்து அவர் என் பட்டறைக்கு வர வேண்டும். அதற்கு நிதி தேடிக்கொண்டிருக்கிறேன். அழைப்புக் கடிதம் மட்டும் இப்போதே தயார்: தேதி, தங்குமிடம், பயணச்செலவு, சம்பளம், பதிப்புரிமை, எல்லாம் எழுதி.