ஐ.எஸ். தரநிலைகளுக்கு மேற்கோள் பட்டியல்: எக்செல்லிலிருந்து லேடெக்ஸுக்கு

எம்-சாண்ட் (பாறையை உடைத்துத் தயாரிக்கும் மணல்) கலந்த கான்கிரீட்டைப் பற்றி ஆய்வேடு எழுதும்போது, ஆய்வுக் கட்டுரைகளுக்கு மேற்கோள் தருவது பெரிய பாடாக இல்லை. கட்டுரைக்கு உரிய நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணை, மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளான ஜோட்டெரோவில் இட்டால் ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். அமெரிக்க அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் தரநிலைகளுக்கும் டி.ஓ.ஐ. உண்டு என்பதால் அவையும் தொல்லையில்லாமல் வந்து சேர்ந்தன. வேலை வைத்தவை ஐ.எஸ். எனப்படும் நம்முடைய இந்தியத் தரநிலைகள்தாம். அவற்றுக்கு டி.ஓ.ஐ. கிடையாது. ஆனால் கான்கிரீட் ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் ஓர் ஐ.எஸ். எண் முன்னால் வந்து நிற்கும்: கலவை விகிதத்துக்கு 10262, சல்லிக்கும் மணலுக்கும் 383, அவற்றின் சோதனைகளுக்கு 2386, கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கி வலிமை பார்ப்பதற்கு 516.

பி.டி.எஃப். கோப்பைப் போட்டால் மென்பொருள் தானே படித்துக்கொள்ளும் என்றார்கள். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளின் முகப்புப் பக்கத்தில் தகவல் அறியும் உரிமை பற்றிய அறிவிப்பு ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். மென்பொருள் அதையே நூலின் தலைப்பாக எடுத்துக்கொண்டது. அந்தத் தலைப்பில் கான்கிரீட்டைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள் என்று அதற்கு ஐயமே வரவில்லை.

ஆகவே வழியை மாற்றினேன். ஐ.எஸ். எண் என்பதே ஓர் ஒழுங்கான வாய்பாடு: எண், பகுதி, ஆண்டு. இந்த மூன்றோடு தலைப்பையும் வெளியிட்ட அமைப்பின் பெயரையும் எக்செல்லில் நெடுவரிசைகளாக வைத்துக்கொண்டால் மற்றதைச் சின்ன பைத்தான் நிரல் பார்த்துக்கொள்ளும். அது ஒவ்வொரு வரிசையையும் படித்து ஒரு பிப்டெக்ஸ் பதிவாக எழுதிக் கொடுக்கும். ஆய்வேட்டை அச்சுக்கோக்கும் லேடெக்ஸுக்கு மேற்கோள் பட்டியலைத் தயாரித்துத் தரும் கருவிதான் பிப்டெக்ஸ். மின்பொறியாளர் அமைப்பான ஐ.ட்ரிபிள்.இ.-யின் மேற்கோள் பாணிக் கோப்பில் தரநிலைக்கென்றே தனிப் பதிவு வகை இருக்கிறது. பிப்டெக்ஸுக்கு மாற்றான பிப்லேடெக்ஸிலும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் அதன் இயல்பான பாணிகள் அதை 'இதர' வகையைப் போலவே அச்சிடுகின்றன.

முதல் அச்சில், ஆசிரியர் இடத்தில் இட்டிருந்த வெளியீட்டாளர் பெயர் 'பி. ஆஃப் இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ்' என்று வந்தது. பியூரோ ஆஃப் இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ் என்பதில் உள்ள பியூரோ யாரோ ஒருவரின் முதற்பெயர் என்று பிப்டெக்ஸ் நினைத்துச் சுருக்கிவிட்டது. பெயரை இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டால் அது கையை வைக்காது. அதை நிரலிலேயே சேர்த்தேன். அடுத்தது வரிசை. எண்ணை எழுத்தாகப் பார்த்து 10262-ஐ 383-க்கு முன்னால் வைத்தது. வரிசைப்படுத்தும் புலத்தில் 00383 என்று முன்னால் சுழியம் சேர்த்துக் கொடுத்ததும் அடங்கியது.

ஆசிரியர்–ஆண்டு முறை இந்த வேலைக்கு ஒத்தே வராது என்பது என் கருத்து. ஐ.எஸ். 2386 எட்டுப் பகுதிகளாக இருக்கிறது, அத்தனையும் 1963. பட்டியலில் 1963அ, 1963ஆ என்று வந்தால் சோதனைப் பொறியாளர் எவருக்கும் எதுவும் விளங்காது. பிப்லேடெக்ஸின் குறும்பெயர்ப் புலத்தில் 'ஐ.எஸ். 2386-3' என்று கொடுத்தேன்; உரைக்குள் அதுவே வந்து நின்றது. வெளியிட்ட அமைப்புக்குத் தனி நெடுவரிசை வைத்ததற்கும் இதே தரநிலைதான் காரணம். 1963-ல் இருந்தது இந்தியத் தர நிறுவனம். பியூரோ என்று மேலே சொன்ன இன்றைய இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதனிடமிருந்து பொறுப்பேற்றது 1987-ல்தான். பெரும்பாலான ஆய்வேடுகள் எல்லாவற்றையும் அமைவனத்தின் பெயரிலேயே எழுதிவிடுகின்றன. நான் அட்டையில் உள்ளபடி வைத்துக்கொண்டேன், நெறியாளர் மறுக்கவில்லை.

ஆண்டு நெடுவரிசையை மட்டும் நிரலின் கையில் விடவில்லை. ஒரே அட்டையில் வெளியான ஆண்டும் மாற்றமின்றித் தொடரலாம் என்று மறு உறுதி செய்த ஆண்டும் சேர்ந்தே இருக்கும். எது பதிப்பின் ஆண்டு என்று நிரலுக்குத் தெரியாது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456-க்கு 2000-இல் ஒரு பதிப்பு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் வந்தவை திருத்தங்களும் மறு உறுதிகளும்தாம். ஐ.எஸ். 383 இன்னும் கறாரானது. 1970 பதிப்பின் தலைப்பிலேயே 'இயற்கை மூலங்களிலிருந்து கிடைக்கும்' சல்லி, மணல் என்றுதான் இருக்கிறது. 2016 பதிப்பு அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, தயாரிக்கப்பட்ட மணலையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. எம்-சாண்ட் ஆய்வேட்டின் பட்டியலில் 383: 1970 என்று இருந்தால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். பழைய ஆய்வேட்டுப் பட்டியலை அப்படியே படியெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எக்செல் கோப்பையும் நிரலையும் இளைய மாணவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். புதிய பதிப்பு வந்தால் ஆண்டு தானாக மாறுமா என்று கேட்டார். மாறாது, மாறவும் கூடாது என்றேன். ஐ.எஸ். 516 நெடுங்காலம் 1959 பதிப்பாகவே இருந்து, பின்னர் பகுதி பகுதியாகப் பிரிந்து புதிதாக வந்தது. அமுக்க வலிமைச் சோதனை இப்போது 2021-இல் வெளியான முதல் பகுதி, முதல் பிரிவில் இருக்கிறது. அவருடைய கனசதுரங்களை ஆய்வகம் எந்தப் பதிப்பின்படி நசுக்கியது என்பது சோதனை அறிக்கையில் இருக்கும். அந்த ஆண்டைப் பார்த்துத்தான் நெடுவரிசையில் இட வேண்டும்.