பத்து வயல்

எங்கள் ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோருக்குப் பொறுப்பு நான். ஸ்டோர் சாஃப்ட்வேர் நிமிஷவாரியாக எழுதி வைத்த அந்த ராத்திரியின் லாக்கை இதுவரை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று சாஃப்ட்வேரிடமே கேட்டால் சொல்லிவிடும். அதையும் எழுதி வைத்திருக்கும். 1:14, நோயாளி பதிவு. 1:16, கேஷுவல்ட்டியிலிருந்து இன்டென்ட், அதாவது மருந்து கேட்டுச் சீட்டு: பாம்பு விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி., பத்து வயல் (சின்னக் கண்ணாடிக் குப்பி). 1:24, டியூட்டி டாக்டர் அப்ரூவல். 1:29, மெயின் ஸ்டோரில் முதல் வயல் ஸ்கேன். 1:38, பத்தாவது வயல். 1:42, கேஷுவல்ட்டியில் பெற்றுக்கொண்டார்கள். ஆக 28 நிமிடம்.

ஆள் பிழைத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் கண்ணாடிவிரியன் கடித்திருக்கிறது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். யாரும் என்மேல் புகார் எழுதவில்லை. என் பெயர் எந்த மீட்டிங்கிலும் அடிபடவில்லை.

என்னை விடாமல் துரத்துவது அதற்கு ஏழு மாதம் முன்பு கேஷுவல்ட்டி ஃபிரிட்ஜ் முன்னால் நடந்த பேச்சு. மூன்று நிமிடம்கூட இருக்காது.

புது சிஸ்டம் வந்த மூன்றாவது வாரம். ஸ்கேன் பண்ணும் ஹேண்ட்ஹெல்டை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக நானே எண்ணிக்கொண்டு வந்தேன். கேஷுவல்ட்டி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், இன்சுலின் அட்டைப்பெட்டிக்குப் பின்னால், பத்து வயல் ஏ.எஸ்.வி. எங்கள் பார்கோடு ஸ்டிக்கர் எதிலும் இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்கு க்யூ.ஆர். கட்டாயம் என்று அரசு சொன்னாலும், எங்கள் அலமாரியில் முக்கால்வாசிக்கு நாங்களே ஸ்டிக்கர் அடித்து ஒட்ட வேண்டியதுதான். ஸ்டிக்கர் இல்லை என்றால் கணக்கில் இல்லை என்று அர்த்தம். எக்ஸ்பைரிக்கு நான்கு மாதம் இருந்தது.

இன்சார்ஜ் சிஸ்டர் பின்னால் வந்து நின்றார்.

“சார், அதை மட்டும் எடுக்காதீங்க. நைட்ல கேஸ் வந்தா நான் எங்க போய் நிப்பேன்?”

“எங்கயும் போக வேண்டாம் சிஸ்டர். மெயின் ஸ்டோர்ல இருக்கும். சிஸ்டத்துல பாத்தா காட்டும்.”

“காட்டும் சார். எடுத்துட்டு வர்றது யாரு?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இப்போது என்னை உறுத்துகிறது. பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. நைட்டில் ஸ்டோரில் ஒரே ஒரு பையன். ஸ்டோர் பின் பிளாக்கில். லிஃப்ட் பத்து மணிக்கு மேல் நிற்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், “ஒரு இன்டென்ட் போடுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடும்” என்றேன். அஞ்சு நிமிஷம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

என் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்து வயலும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. யாரோ ஒருவர் பில்லில் ஏறி, குத்தாமல் மிச்சமாகி, ரிட்டர்ன் போடாமல் நின்றவை. ஒரு வயல் சில நூறு ரூபாய். பாம்புக்கடிக்கு வருபவர் பெரும்பாலும் காட்டில் கழனியில் வேலை செய்பவர். அவர் காசு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடப்பதை நல்ல மனசு என்று எப்படிச் சொல்வது? தவிர, வார்டுக்கு வார்டு இப்படி ஒளித்து வைத்தால் ஒரு பக்கம் எக்ஸ்பைரி ஆகும், இன்னொரு பக்கம் ‘ஸ்டாக் இல்லை’ என்பார்கள். பழைய முறையில் வருஷக் கடைசியில் சாக்குமூட்டையில் மருந்தைக் கட்டி அழிக்க அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கோபம் புரியும்.

இந்த நியாயம் எல்லாம் இன்றும் நியாயம்தான். பகலில் யோசித்தால் முழுசாக ஒத்துக்கொள்வேன்.

ஏன் பத்து என்பதையும் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்ணாடிவிரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறக்கும் என்பார்கள். நம் ஊர் ஏ.எஸ்.வி. ஒரு மில்லி, 0.6 மில்லிகிராமைத்தான் முறிக்கும். பத்து மில்லி வயல் பத்து போட்டால் 60. முதல் டோஸ் எட்டிலிருந்து பத்து வயல் என்பது அங்கிருந்து வருகிறது. குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. சிஸ்டர் வைத்திருந்தது ஒரு ஆளுக்கான முதல் டோஸ். பத்தும் ஒரு கணக்கோடுதான் அங்கே இருந்திருக்கிறது. மருந்து படித்த நான் அதைப் பார்த்த உடனே கண்டுபிடித்திருக்க வேண்டாமா? பேட்ச் நம்பரை அடித்ததும் எனக்கு ‘நான்-மூவிங்’ என்று சிவப்பில் வந்தது. 90 நாள் அசையாத சரக்கு. இத்தனைக்கும் அந்த மருந்து செய்ய வேண்டிய விஷம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் பாம்பு பிடித்து எடுத்துக் கொடுப்பது. சங்கம் 1978இல் தொடங்கியது. ஒரு மனிதன் விரியனின் கழுத்தைப் பிடித்து எடுத்த சரக்கு, என் திரையில் அசையாத சரக்காகிவிட்டது.

வயலில் கடிபட்டவருக்குப் பத்து வயல் என்று ஸ்டோர் பையன் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னான். நான் அவனைத் திட்டிவிட்டேன். அவ்வளவு கோபத்துக்கு அதில் ஒன்றுமில்லை.

அந்தப் பையனைத்தான் முதலில் விசாரித்தேன். பத்து வயல் ஸ்கேன் பண்ண ஒன்பது நிமிஷமா? “ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் வேர்த்துருச்சு சார். ஸ்டிக்கர் ஈரம். ரெண்டு வயல் ரீட் ஆகல. தொடச்சுத் தொடச்சு அடிச்சேன்.” ஸ்கேன் ஆகாமல் கொடுத்து அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்தான். ‘ஸ்கேன் செய்யாமல் ஒரு ஊசிகூட வெளியே போகக் கூடாது.’ கீழே என் கையெழுத்து. இத்தனைக்கும் தூளாக வரும் ஏ.எஸ்.வி.க்குக் குளிர்ச்சியான இடமே போதும், ஃபிரிட்ஜ் கட்டாயமில்லை. அதையும் உள்ளே வைக்கச் சொன்னது நான்தான்.

பார்கோடுக்குப் பதில் ரேடியோ அலையில் தானாகப் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. தண்ணீருக்கும் உலோகத்துக்கும் பக்கத்தில் அந்த அலை தடுமாறும். ஸ்டோரில் பாதி சலைன் பாட்டில். ஐ.சி.யூ. கருவிகளை அந்த அலை குழப்புமா என்று 2008இல் நெதர்லாந்தில் செய்து பார்த்த ஆய்வில், 123 சோதனையில் 34 முறை கோளாறு வந்திருக்கிறது. பயோமெடிக்கல் இன்ஜினியர் அதை எடுத்து நீட்டியதால்தான் பார்கோடோடு நின்றோம். ஆனால் அன்றைக்குப் பழுதானது கருவியா?

டியூட்டி டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். “டெஸ்ட்டுக்கே எப்படியும் இருபது நிமிஷம் ஆகும் சார்.” சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் இருபது நிமிடம் வைத்து, சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. 1:20க்கு வைத்திருந்தாலும் 1:40 ஆகியிருக்கும். என் தாமதம் இரண்டே நிமிடம். இந்தக் கணக்கு வந்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து சிஸ்டரிடம் அதையே சொன்னேன். ஏன் போய்ச் சொன்னேனோ. அவர் சிரிஞ்சு எண்ணிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், “ஈறுல ரத்தம் வந்துட்டு இருந்துச்சு சார். டாக்டர் வந்ததுமே மருந்தைத்தான் கேட்டாரு” என்றார். ரத்தம் தானாகக் கசிந்தால் குழாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் டாக்டர் ஏன் என்னிடம் அப்படிச் சொன்னார்? எனக்காகவா, 1:24 வரை அப்ரூவல் கொடுக்காத தனக்காகவா? அந்த எட்டு நிமிடமும் அவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். லாகின் பண்ண ஓடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு இன்னொரு பிடி இருந்தது. நான் எடுக்காமல் விட்டிருந்தாலும் அந்த வயல்கள் கடி நடந்த அன்று எக்ஸ்பைரி ஆகி மூன்று மாதம். இதையும் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் மேசை டிராயரிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் இருந்தபோது எடுத்த மருந்தைப் பதியும் பாஸ்புக் பார்த்துப் பழகியவர். ஒவ்வொரு கடிக்கும் தேதி. ஸ்டோரிலிருந்து வரும் புது வயல் ஃபிரிட்ஜுக்குள் போகும், ஃபிரிட்ஜில் இருந்த பழையது நோயாளிக்குப் போகும். பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் நீல மையில். நான் எடுத்துக்கொண்டு போன பிறகு, எக்ஸ்பைரிக்கு முன்பே இரண்டு கடி வந்திருந்தது. இரண்டும் பகலில். மாற்றியிருப்பார். நோட்டு அந்த இடத்தோடு நின்றுவிட்டிருந்தது.

ஃபிரிட்ஜ் முன்னால் நின்றபோது நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கணக்கில் இல்லாத மருந்துக்குக் கணக்கு வைத்திருக்கிறேன் என்று ஸ்டோர்க்காரனிடம் எப்படிச் சொல்வார்?

சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி. சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கட்டம் உண்டு: வைட்டல் (இல்லாவிட்டால் உயிர் போகும்), எசென்ஷியல் (அவசியம்), டிசையரபிள் (இருந்தால் நல்லது). ‘வைட்டல்’ என்று குறித்தால் அது நான்-மூவிங்கில் வராது, வார்டை விட்டு எடுக்கவும் விடாது. 3,400 மருந்து, நான்கு நாள் கெடு. நான் எல்லாவற்றுக்கும் மொத்தமாக ‘எசென்ஷியல்’ அடித்துவிட்டேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. இதை மேனேஜ்மென்ட்டிடம் சொல்லவில்லை. அந்த ராத்திரிக்கு இரண்டாம் நாளே உட்கார்ந்து சத்தமில்லாமல் திருத்திவிட்டேன். அதுவும் லாக்கில் இருக்கும்.

இப்போது கேஷுவல்ட்டியில் பத்து வயல் முறைப்படி இருக்கிறது. ஸ்டிக்கரோடு, சிஸ்டத்தில். போன மாதம் எண்ணியபோது பன்னிரண்டு இருந்தது. இரண்டில் ஸ்டிக்கர் இல்லை. சிஸ்டர் எதிரில்தான் இருந்தார். பத்து என்று போட்டுவிட்டு ஃபிரிட்ஜை மூடினேன். அந்த இரண்டின் எக்ஸ்பைரியைத் திருப்பிப் பார்க்கவில்லை.